மாத்திரை போட்டப்புறம்தான் கை போச்சு

"மாத்திரை போடறதுக்கு முன்னாடி முதுகுல நாலு தேமல் மட்டும்தான்டா இருந்துச்சு. போட்டப்புறம்தான் கை போச்சு." யார் கேட்டாலும் என் சித்தப்பா இதைச் சொல்வார். கேட்காதவர்களிடமும் சொல்வார். ஊர்க்காரர்கள் என்றால் "அதானே, இங்கிலீஷ் மருந்து சூடாச்சே" என்று தலையாட்டுவார்கள். கொஞ்சம் படித்தவர்கள், "மாத்திரையால எப்படிங்க கை போகும்" என்று திருத்தப் பார்ப்பார்கள். நான் இரண்டு கட்சியிலும் சேரமுடியாமல் ரொம்ப நாளாக இந்தப் பேச்சை மனதில் போட்டு உருட்டிக்கொண்டிருக்கிறேன். நடந்ததை வரிசையாக அடுக்கினால் அவர் சொல்வதில் ஓர் எழுத்துகூடப் பொய் கிடையாது. முதலில் தேமல் வந்தது. பிறகு மாத்திரை. அதற்கும் பிறகுதான் கை.

சித்தப்பா ஆரணிப் பக்கம் பட்டு நெசவு செய்பவர். எழுதட்டுமா என்று கேட்டபோது, "எழுது, ஊர் பேரு மட்டும் போடாத, பொண்ணுக்கு வரன் பாத்துக்கிட்டிருக்கோம்" என்றார். ஆகவே ஊர் இல்லை, பேர் இல்லை. நோய் தொழுநோய். வீடு வீடாக வந்து பார்த்த நர்சம்மாதான் முதலில் கண்டுபிடித்தார். முதுகிலும் தொடையிலும் வெளிறிய தேமல்கள், தொட்டால் தெரியவில்லை. இடது முன்கையில் அடுப்புச் சூடு பட்ட தழும்பு ஒன்று இருந்தது. அது எப்போது பட்டது என்று சித்திக்கும் தெரியாது, சித்தப்பாவுக்கும் தெரியாது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் பார்த்துவிட்டு, தேமல் ஐந்துக்கு மேல் இருக்கிறது, நரம்பும் தடித்திருக்கிறது என்று ஓராண்டு சிகிச்சைக்கான அட்டையைக் கொடுத்தார்கள். சிவப்பு அட்டை.

அந்த அட்டையை நான் கையில் வாங்கிப் பார்த்திருக்கிறேன். 28 நாளுக்கு ஓர் அட்டை, மொத்தம் பன்னிரண்டு. முதல் நாள் பெரிய வேளை: ரிஃபாம்பிசின் 600 மில்லிகிராம், குளோஃபாசிமின் 300, டாப்சோன் 100, மூன்றையும் அங்கேயே அவர்கள் கண்முன் விழுங்க வேண்டும். மீதி 27 நாளும் வீட்டில் டாப்சோன் ஒன்று, குளோஃபாசிமின் 50 மில்லிகிராம் ஒன்று. சல்லிக்காசு செலவில்லை. 2000ஆம் ஆண்டிலிருந்து நோவார்ட்டிஸ் நிறுவனம் உலக சுகாதார நிறுவனத்தின் வழியாக இந்த மருந்துகளை உலகம் முழுக்க இலவசமாகத் தந்து வந்திருக்கிறது. இதில் கிருமியைக் கொல்வதில் கெட்டிக்காரன் ரிஃபாம்பிசின். முதல் வேளையிலேயே உயிருள்ள கிருமிகளில் மிகப் பெரும்பகுதி செத்துவிடும். சில நாட்களில் அந்த ஆளிடமிருந்து நோய் பரவாது. சித்தப்பாவுக்குத் தனித் தட்டு, தனி டம்ளர் வைத்த உறவினர் ஒருவர் வைத்தது மாத்திரை ஆரம்பித்து ஒரு மாதம் கழித்துத்தான். அதுவரை பல ஆண்டுகள் அவரோடு ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டவர். கிருமி போன பிறகு பயம் வந்தது.

பக்கவிளைவு என்று சொல்லிக் கொடுத்தது இரண்டுதான். சிறுநீர் சிவப்பாகப் போகும், பயப்பட வேண்டாம். தோல் கறுக்கும், மருந்தை நிறுத்தினால் மெல்லப் பழையபடி ஆகும். சிறுநீர் சிவந்தது. தோலும் கறுத்தது. குளோஃபாசிமின் ஒரு சாயம். தோலில் போய்த் தங்கிவிடும். முகமும் கையும் செங்கறுப்பாகி, முழங்காலுக்குக் கீழே மீன்செதில் மாதிரி வறண்டு உரிந்தது. "என்னப்பா இப்படிக் கறுத்துட்ட?" என்று கடைவீதியில் கேட்டால் "வெயில்" என்பார். குழித்தறியில் உட்காருபவனுக்கு ஏது வெயில்? பொய் என்று கேட்பவருக்கும் தெரியும். ஆனால் சொன்னபடியே நடந்ததால் அவர் மாத்திரையை நிறுத்தவில்லை. இதை நான் அழுத்திச் சொல்கிறேன், பின்னால் வேண்டியிருக்கிறது. கல்யாண வீட்டில் பத்துப் பேர் முன்னால் மானத்தை வாங்கிய அந்தக் கறுப்புக்குக்கூட அவர் மருந்தை நிறுத்தவில்லை, முன்கூட்டியே சொல்லியிருந்த ஒரே காரணத்தால்.

நான்காவது அட்டை

நான்காவது அட்டையில்தான் கதை மாறியது. வெளிறிக் கிடந்த தேமல்கள் ஒரு வாரத்துக்குள் சிவந்து தடித்துப் பளபளவென்று எழும்பின. இல்லாத இடத்தில் புதிதாக ஒன்றிரண்டு வந்தன. வலது முழங்கையின் உள்பக்கத்தில், தட்டினால் மின்சாரம் அடித்ததுபோல் சுண்டுவிரல் வரை ஓடுமே, அந்த இடத்தில் வலி. ராத்திரியில் அதிகம். அப்புறம் தறியில் ஒரு விநோதம்: ஊடு நூலை ஓட்டும் நாடாவை எறிந்துவிட்டுக் கை திரும்பும்போது, சுண்டுவிரல் பாவில், அதாவது தறியின் நீளவாட்டு இழைகளில், மாட்டி இழை அறுந்தது. ஒரு நாளில் ஒரு தடவை என்றால் கவனக்குறைவு. அடிக்கடி அறுந்தது. பட்டுப் பாவில் அறுந்த இழையைத் தேடிப் பிடித்து முடிவதற்குள் பொழுது போய்விடும். சுண்டுவிரலும் மோதிர விரலும் நீட்டச் சொன்னால் நீளவில்லை; உள்ளங்கைப் பக்கம் மடங்கியே நின்றன. சித்தப்பா அதைப் பாவு மேல் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்ததை, சித்தி சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

அவர் போனது பக்கத்து டவுனில் ஒரு தனியார் கிளினிக்குக்கு. ‘மருந்து ஒவ்வாமை, எல்லா மாத்திரையையும் உடனே நிறுத்து’ என்று அங்கே சொன்னார்கள். அலர்ஜிக்கு ஒரு மாத்திரை, தடவ ஒரு களிம்பு. சித்தப்பா நிறுத்தினார். ஊர் சொன்னதும் அதுதான், டாக்டர் சொன்னதும் அதுதான், தன் கண்ணால் கண்டதும் அதுதான். மூன்றும் ஒன்றாகச் சேர்ந்தால் யார்தான் நிறுத்தமாட்டார்கள்? கிட்டத்தட்ட மூன்று வாரம் அப்படிப் போனது. அந்த மூன்று வாரத்தில் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே இருக்கும் சதை குழிந்து உள்ளே போய்விட்டது.

அந்த டாக்டரைத் திட்டி நாலு வரி எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். ஆனால் விஷயத்தைப் படிக்கப் படிக்க அவர்மேல் இருந்த கோபம் வேறு பக்கம் திரும்பிவிட்டது. ஏனென்றால் தொழுநோய் மருந்து சாப்பிடுகிறவருக்கு நிஜமாகவே மருந்தை உடனே நிறுத்தியாக வேண்டிய ஓர் ஆபத்தும் உண்டு. டாப்சோன் ஆரம்பித்து நான்கிலிருந்து ஆறு வாரத்துக்குள், சிலருக்குக் காய்ச்சல் அடித்து, உடம்பு முழுக்கத் தடிப்பு வந்து, நெறி கட்டி, கல்லீரல் வீங்கிக் கண் மஞ்சளாகும். நிறுத்தாவிட்டால் உயிர் போகலாம். சீனாவில் நோயாளிகளை ஆராய்ந்து, எச்எல்ஏ-பி 13:01 என்ற மரபணு வகை உள்ளவர்களுக்கே இந்த ஆபத்து மிக அதிகம் என்று 2013இல் கண்டுபிடித்தார்கள். டாப்சோன் ரத்தச் சிவப்பணுக்களையும் உடைக்கும். ஜி6பிடி என்ற நொதி குறைவாக உள்ளவர்களுக்கு அது கடுமையாகவே உடைக்கும். இவையெல்லாம் மருந்தின் வேலைதான், சந்தேகமில்லை. சித்தப்பாவுக்கு வந்தது இதற்கு நேர் எதிர். அதில் மருந்தை நிறுத்தவே கூடாது. கூடவே இன்னொரு மருந்தைச் சேர்க்க வேண்டும். ஒன்றில் நிறுத்தாவிட்டால் ஆபத்து, மற்றொன்றில் நிறுத்தினால் ஆபத்து. இரண்டுமே சிவந்த தோலோடுதான் கிளினிக் வாசலில் வந்து நிற்கும்.

வித்தியாசம் தெரிய நரம்பைத் தொட்டுப் பார்க்க வேண்டும். நரம்பு தொட்டுப் பார்க்கத் தெரிந்த கைகள் குறைந்துகொண்டே வருகின்றன. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

காகிதமும் பேனாவும்

வேலூர்ப் பக்கம் ஒரு பெரிய மருத்துவமனைக்கு நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். அங்கே ரத்தப் பரிசோதனைக்கும் ஸ்கேனுக்கும் முன்னால் நடந்த சோதனைக்குத் தேவைப்பட்டவை ஒரு துண்டுக் காகிதமும் ஒரு பால்பாயின்ட் பேனாவும். பிசியோதெரபி பார்க்கும் தம்பி சித்தப்பாவின் மோதிர விரலுக்கும் சுண்டுவிரலுக்கும் நடுவே காகிதத்தைச் செருகி, "இறுக்கிப் பிடிங்க ஐயா, நான் இழுக்கிறேன், விடாதீங்க" என்றார். இடது கையில் காகிதம் கிழியும்போல இருந்தது. வலது கையில் உருவிக்கொண்டு வந்தது. சித்தப்பா சிரித்தார், "இன்னொரு தடவ" என்றார். இன்னொரு தடவையும் வந்தது. பிறகு கண்ணை மூடச் சொல்லி, பேனா முனையால் உள்ளங்கையில் ஒவ்வோர் இடமாக லேசாகத் தொட்டு, தொட்ட இடத்தை மறுகை விரலால் காட்டச் சொன்னார். கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல் எல்லாம் சரியாகக் காட்டினார். சுண்டுவிரல் பக்கம் பேனா போனது; சித்தப்பா கண்ணை மூடியபடி அடுத்ததற்காகக் காத்துக்கொண்டிருந்தார். தம்பி ஒன்றும் சொல்லாமல் நோட்டில் வரைந்திருந்த கைப்படத்தில் அந்த இடத்தைக் கோடிட்டார்.

அப்புறம் டாக்டரம்மா முழங்கைக்குப் பின்னால் விரலை வைத்து உருட்டிப் பார்த்தபோது சித்தப்பா "ஆ" என்று கையை இழுத்துக்கொண்டார். டாக்டரம்மா சொன்னதை என்னால் முடிந்தவரை அப்படியே தருகிறேன். இந்தக் கிருமி குடியிருப்பதே நரம்புக்குள். மிக மெதுவாக வளரும். ஒன்று இரண்டாவதற்கே ஏறக்குறைய இரண்டு வாரம் ஆகும். அதனால் உடம்பு பல வருடம் அதைக் கண்டுகொள்ளாமலேகூட இருந்துவிடும். மருந்து போய்க் கிருமியைக் கொன்றதும், செத்த கிருமியின் துண்டுகள் வெளியே வருகின்றன. தூங்கிக் கிடந்த எதிர்ப்புச் சக்தி விழித்துக்கொண்டு அவற்றைத் தாக்குகிறது. சண்டை நடக்கிற இடம் தோலாக இருந்தால் தேமல் சிவக்கும், பிறகு ஆறிவிடும். நரம்பாக இருந்தால் நரம்பு வீங்கும். முழங்கையில் அது ஒரு குறுகலான எலும்புச் சந்து வழியாகப் போகிறது. மோதிரம் போட்ட விரல் வீங்கினால் என்ன ஆகுமோ அதுதான் அங்கே ஆகும். இதை இவர்கள் ‘ரியாக்‌ஷன்’ என்கிறார்கள். வார்டில் இருந்த நோயாளிகள் எல்லாருக்கும் அந்தச் சொல் தெரிந்திருந்தது. சித்தப்பாவுக்கு அன்றுதான் காதில் விழுந்தது.

"அப்ப மாத்திரைதானம்மா காரணம்?" என்றார் சித்தப்பா, விடாமல்.

டாக்டரம்மா மறுப்பார் என்று நினைத்தேன். "மாத்திரை போடலைன்னாலும் வந்திருக்கலாம் ஐயா. பல பேருக்கு நோயக் கண்டுபிடிக்கிறதே இப்படி ரியாக்‌ஷன் வந்தப்புறம்தான். ஆனா மாத்திரை ஆரம்பிச்ச முதல் ஆறு மாசத்துல வர வாய்ப்பு ஜாஸ்தி. இத உங்களுக்கு முதல் அட்டை கொடுத்த அன்னைக்கே சொல்லியிருக்கணும்" என்றார்.

"சொல்லியிருந்தா வலி வந்த அன்னைக்கே வந்திருப்பனே" என்றார் சித்தப்பா. அதற்கு அவரிடம் பதில் இல்லை. எனக்கும் அந்தக் கேள்வி அங்கேயே ஒட்டிக்கொண்டது.

மாத்திரையைத் தொடரச் சொன்னார்கள். கூடவே பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு, காலையில் 40 மில்லிகிராம், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை படிப்படியாகக் குறைத்து. பன்னிரண்டு வாரம் என்பது பழைய கணக்கு. பெரிய மருத்துவமனைகளில் இப்போது 20 வாரம் கொடுப்பது உண்டு. 32 வாரம் கொடுத்தால் இன்னும் நல்லதா என்று இந்தியா, வங்கதேசம், நேபாளம், இந்தோனேசியாவில் சேர்த்து ஓர் ஆய்வு நடந்தது. 20க்கும் 32க்கும் பெரிய வித்தியாசம் இல்லை என்று 2017இல் முடிவு வந்தது. ஆரம்பிக்கும் முன் சர்க்கரை பார்த்தார்கள், காசநோய் இருக்கிறதா என்று துருவினார்கள், பூச்சி மாத்திரை கொடுத்தார்கள். வயிற்றில் சிலவகைப் புழு இருக்கும்போது ஸ்டீராய்டு கொடுத்தால் அது உடம்பு முழுக்கப் பரவி ஆளையே கொன்றுவிடுமாம். கட்டைக்கோல் வைத்துக் கை விரலை நீட்டிக் கட்டினார்கள். நரம்பு செயலிழந்து ஆறு மாதத்துக்குள் ஸ்டீராய்டு ஆரம்பித்தால் மீள வாய்ப்பு உண்டு. அதற்கு மேல் போனால் கஷ்டம். சித்தப்பாவுக்குப் பாதி மீண்டது.

மருத்துவர்களும் இதையே சொன்ன காலம்

வீட்டுக்கு வந்து தேட ஆரம்பித்தபோதுதான், சித்தப்பாவின் வாக்கியத்தை அவருக்கு முன்னால் சொன்னவர்கள் மருத்துவர்களே என்று தெரிந்தது.

டாப்சோனுக்கு முன்னால் நம்மிடம் இருந்தது நீரடிமுத்து எண்ணெய். சித்த வைத்தியர்கள் கொடுத்தது, பிறகு வெள்ளைக்கார டாக்டர்கள் ஊசியில் ஏற்றிப் போட்டது. வலி உயிர் போகும், பலன் சொற்பம். 1941இல் அமெரிக்காவில் கார்வில் என்ற இடத்துத் தொழுநோய் மருத்துவமனையில் ஃபாஜெட் என்ற மருத்துவர் சல்ஃபோன் வகை மருந்தை ஊசியாகப் போட்டுப் பார்த்தார், புண்கள் ஆறின. அது விலை கூடியது, தினமும் ரத்தக் குழாயில் ஏற்ற வேண்டும். அதன் மூலப் பொருளான டாப்சோனையே நேரடியாகக் கொடுத்துப் பார்க்கத் துணிந்தவர்களில் முக்கியமானவர் ராபர்ட் காக்ரேன். அவர் அதைச் செய்தது நம் செங்கல்பட்டில், லேடி வில்லிங்டன் தொழுநோய் இல்லத்தில், 1940களின் பிற்பகுதியில். இன்று மத்திய தொழுநோய் ஆராய்ச்சி நிலையம் இருக்கும் அதே இடம். அது இருக்கும் திருமணியைத் தாண்டிப் போகும் எத்தனை பேருக்கு அது தெரியும் என்று தெரியவில்லை; எனக்குத் தெரியாது.

டாப்சோன் மலிவான மாத்திரையாக வந்தது, வாழ்நாள் முழுக்க விழுங்கச் சொன்னார்கள். கூடவே ரியாக்‌ஷன்களும் வந்தன. காய்ச்சலோடு வலிக்கும் சிவப்பு முடிச்சுகள், கண் சிவந்து பார்வை மங்குவது, விரை வீக்கம், நரம்பு வலி. பல மருத்துவர்கள் அன்று சந்தேகப்பட்டது மாத்திரையைத்தான். ஆகவே அளவைக் குறைத்தார்கள். துளியில் தொடங்கி மெல்ல மெல்ல ஏற்றினார்கள். ரியாக்‌ஷன் வந்தால் நிறுத்தினார்கள், அடங்கினால் மறுபடி ஆரம்பித்தார்கள். எச்சரிக்கையாக நடந்துகொள்கிறோம் என்ற நினைப்பில் செய்தது. ஆனால் குறைந்த அளவில், விட்டு விட்டு, ஒரே மருந்தைக் கொடுத்தால் கிருமி என்ன செய்யும்? பழகிக்கொள்ளும். இந்தக் கிருமியை ஆய்வகத் தட்டில் வளர்க்கவே முடியாது. 1960இல் ஷெப்பர்டு என்பவர் எலியின் பாதத்தில் வளர்க்கும் வழியைக் கண்டுபிடித்த பிறகுதான் சோதித்துப் பார்க்க ஒரு வழி பிறந்தது. அந்த வழியில், மலேசியாவின் சுங்கை பூலோ மருத்துவமனை நோயாளிகளிடம் டாப்சோனுக்குச் சாகாத கிருமி இருப்பதை 1964இல் நிரூபித்தார்கள். அப்புறம் ஒவ்வொரு நாடாகக் கதவு திறந்தது. 1981இல் உலக சுகாதார நிறுவனக் குழு, இனி ஒற்றை மருந்து கிடையாது, சித்தப்பாவுக்கு வந்ததுபோல் கிருமி அதிகமுள்ள வகைக்கு மூன்றும் சேர்த்துத்தான் என்று முடிவு செய்தது. சித்தப்பாவின் சிவப்பு அட்டையில் மூன்று மருந்து இருப்பதற்கான காரணங்களில், ரியாக்‌ஷனைப் பார்த்து மாத்திரை மேல் பழி போட்ட பழைய டாக்டர்களின் பயமும் ஒன்று என்பது என் கணக்கு.

அந்த மூன்றில் குளோஃபாசிமினுக்குக் கொல்லும் குணத்தோடு வீக்கத்தை அடக்கும் குணமும் உண்டு. முடிச்சு வகை ரியாக்‌ஷன் டாப்சோன் காலத்தைவிட இப்போது குறைந்திருப்பதற்கு அதுவும் காரணம் என்கிறார்கள். சித்தப்பாவைக் கறுப்பாக்கிய மாத்திரை அதுதான். சொன்னேன். "அப்ப அதுக்கு மட்டும் மன்னிப்பு" என்றார்.

பெஞ்சில் பக்கத்தில் இருந்தவர்

மருத்துவமனை பெஞ்சில் எங்களுக்குப் பக்கத்தில் ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். பன்னிரண்டு அட்டையும் முடித்து மூன்று வருடம் ஆகிவிட்டதாம். தோலைக் கீறி எடுத்துப் பார்த்தால் உயிருள்ள கிருமி இல்லை. ஆனால் மாதம் ஒரு முறையாவது காய்ச்சலும் முடிச்சுகளும் வருகின்றன. செத்த கிருமி உடம்பைவிட்டு உடனே போய்விடாது. நிறையக் கிருமி இருந்தவருக்கு முழுக்கக் கரைய பல வருடம் ஆகும். அந்தக் குப்பை இருக்கும்வரை உடம்பு அதோடு மல்லுக்கட்டும். பெரியவர் ஸ்டீராய்டை விடவே முடியாமல் மாட்டிக்கொண்டிருந்தார். முகம் உப்பியிருந்தது, சர்க்கரை வந்துவிட்டது, கண்ணில் புரை. ரியாக்‌ஷன் வரும்போதெல்லாம் மெடிக்கல் ஷாப்பில் சீட்டு இல்லாமலே வாங்கிப் போட்டிருக்கிறார். "போட்டா மறுநாளே எழுந்து வேலைக்குப் போவேன் தம்பி" என்றார். அதுதான் அந்த மாத்திரையின் கவர்ச்சி.

அவருக்குத் தாலிடோமைடு ஆரம்பிக்கப் போவதாகச் சொன்னார்கள். பேரைக் கேட்டதும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. 1950களின் கடைசியில் கர்ப்பிணிகளுக்குத் தூக்க மாத்திரையாகக் கொடுத்து, பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் கையும் காலும் வளராமல் பிறந்ததற்குக் காரணமான அதே மருந்து. உலகமே தூக்கி எறிந்த பிறகு, 1964இல் ஜெருசலேமில் ஜேக்கப் ஷெஸ்கின் என்ற மருத்துவர், ரியாக்‌ஷன் வலியில் தூங்கமுடியாமல் தவித்தவருக்கு வெறும் தூக்கத்துக்காக அதைக் கொடுத்தார். காய்ச்சலும் முடிச்சும் ஓரிரு நாளில் அடங்கின. இன்றும் இந்த ரியாக்‌ஷனுக்கு அதைவிட வேகமாக வேலை செய்யும் மருந்து அரிது. குழந்தை பெறும் வயதில் உள்ள பெண்களுக்குக் கொடுப்பதில் அத்தனை கெடுபிடி. பிரேசிலில் கெடுபிடி தளர்ந்த இடங்களில் மறுபடி அப்படிக் குழந்தைகள் பிறந்திருக்கின்றன. ஆக, இதே முடிச்சு ஒரு பெண்ணுக்கு வந்தால் அவளுக்குப் பெரும்பாலும் ஸ்டீராய்டுதான் கதி. இதைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டும்.

பதிவேட்டில் சித்தப்பா இல்லை

பன்னிரண்டாவது அட்டை முடிந்த அன்று சித்தப்பாவின் பேருக்கு நேரே ‘ஆர்.எஃப்.டி.’ என்று எழுதினார்கள். சிகிச்சையிலிருந்து விடுவிக்கப்பட்டார். அரசாங்கக் கணக்கில் அன்றோடு அவர் நோயாளி இல்லை. இதில் தவறில்லை, கிருமியைப் பொறுத்தவரை அது உண்மை. மருந்தை ஒழுங்காக முடித்தவருக்கு நோய் திரும்புவது அபூர்வம். சிக்கல், கணக்கு அங்கே முடிந்துவிடுவதில் இருக்கிறது. இந்தியா 2005 டிசம்பரில் ‘பத்தாயிரம் பேருக்கு ஒருவருக்கும் குறைவு’ என்ற இலக்கை எட்டியதாக அறிவித்தது. அந்த ‘ஒருவர்’ என்பது அன்றைய தேதியில் மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருப்பவர். 1990களின் இறுதியில் இந்த வகை நோய்க்கான சிகிச்சையை 24 மாதத்திலிருந்து 12 மாதமாகக் குறைத்தபோதே, ஒருவர்கூடக் கூடுதலாகக் குணமாகாமல் பதிவேட்டில் ஆள் குறைந்திருக்கும். மாத்திரையை முடித்துவிட்டு மடங்கிய விரலோடும், உணர்ச்சியில்லாத பாதத்தோடும், மாதாமாதம் காய்ச்சலோடும் இருப்பவர்கள் அதில் வரமாட்டார்கள். உலகில் ஒவ்வோர் ஆண்டும் புதிதாகக் கண்டுபிடிக்கப்படும் நோயாளிகளில் பாதிக்கு மேல் இன்றும் இந்தியர்கள்தான்.

தொழுநோய்க்கென்றே சைக்கிளில் சுற்றிய ஊழியர்கள் ஒரு காலத்தில் எங்கள் பக்கம் இருந்தார்கள். பழைய வட ஆற்காடு மாவட்டத்தில் நோய் அதிகம், ஆளும் அதிகம். முழங்கை நரம்பைத் தடவிப் பார்ப்பது அவர்களுக்குக் கை வந்த கலை. திட்டத்தைப் பொதுச் சுகாதாரத்தோடு இணைத்த பிறகு அந்த வேலை எல்லாருடைய வேலையும் ஆனது; எல்லாருடைய வேலை என்றால் என்ன ஆகும் என்பது நமக்குத் தெரியும். நர்சம்மாவைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தடுப்பூசி, பிரசவம், சர்க்கரை, பிரஷர், டெங்கு எல்லாவற்றுக்கும் அவர் ஒருவர்தான். அதற்கு நடுவிலும் சித்தப்பாவின் முதுகைத் திருப்பிப் பார்க்க அவருக்குத் தோன்றியதே.

ஆனால் ரியாக்‌ஷனைப் பற்றி ஏன் சொல்லவில்லை என்று பிறகு அவரிடம் கேட்டேன். "சொன்னா பயந்துக்கிட்டு மாத்திரையே வாங்கமாட்டாங்க சார். அதனால நல்லதா நாலு வார்த்த சொல்லி அனுப்புவோம்" என்றார். பயிற்சி வகுப்பிலும் நோயாளியைப் பயமுறுத்தாதீர்கள் என்றுதான் சொல்லிக்கொடுத்தார்களாம். சுவரெழுத்திலும் இதே நல்ல வார்த்தைதான்: உணர்ச்சியற்ற தேமலா, உடனே வாருங்கள், முற்றிலும் குணமாகும், மருந்து இலவசம். மூன்றும் உண்மை. மருந்து சாப்பிடும்போது தேமல் சிவந்தாலோ, முழங்கை வலித்தாலோ, கண் மூடாமல் போனாலோ மாத்திரையை நிறுத்தாமல் அன்றைக்கே வா என்று நாலாவதாக ஒரு வரி நான் பார்த்த எந்தச் சுவரிலும் இல்லை.

இந்தப் பயம் எனக்குப் புரிகிறது, ஆனால் ஒத்துக்கொள்ள முடியவில்லை. சிறுநீர் சிவக்கும் என்று சொன்னார்கள், சிவந்தது, சித்தப்பா சாப்பிட்டார். கறுப்பாவாய் என்று சொன்னார்கள், கறுத்தார், சாப்பிட்டார். சொல்லாத ஒன்று வந்தபோதுதான் நிறுத்தினார். எங்கள் பக்கத்து ஆட்கள் கெட்ட செய்தியைத் தாங்கிக்கொள்வார்கள். சொல்லாமல் விட்டதை மன்னிக்கமாட்டார்கள். அதோடு, சொல்லாமல் விட்டதற்கான விலை சித்தப்பாவோடு நிற்பதில்லை. தறிக்காரர் வீட்டுத் திண்ணையில் அவர் மடங்கிய விரலைக் காட்டிச் சொல்லும் அந்த ஒரு வாக்கியம், தேமலை மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் இன்னொருவன் காதில் விழுகிறது. அவன் ஆஸ்பத்திரிக்கே போகமாட்டான்.

இப்போது சித்தப்பா தறியில் உட்காருகிறார். சுண்டுவிரலையும் மோதிர விரலையும் ஒரு துணிக் கீற்றால் சேர்த்துக் கட்டிக்கொள்கிறார், பாவில் மாட்டாமல் இருக்க. முன்னைப்போல வேகம் இல்லை. தசைநாரை மாற்றிவைத்து விரலை நிமிர்த்தும் அறுவை சிகிச்சை இருக்கிறது; 1940களின் கடைசியில் பால் பிராண்டு என்ற மருத்துவர் அதை வளர்த்தெடுத்ததே வேலூரில்தான். நரம்பு இதற்கு மேல் மீளாது என்று உறுதியான பிறகு செய்யலாம் என்கிறார்கள். சித்தப்பாவுக்கு அதில் இஷ்டம் இல்லை, தறியை எத்தனை மாதம் மூடுவது என்கிறார். மாத்திரை முடிந்த பிறகும் இரண்டு வருடத்துக்கு, மூன்று மாதத்துக்கு ஒரு முறை வந்து காகிதத்தையும் பேனாவையும் வைத்துப் பார்த்துவிட்டுப் போங்கள் என்று மருத்துவமனையில் சொல்லியிருக்கிறார்கள். ஒவ்வொரு தடவையும் ஒரு நாள் கூலி போகும், பஸ்ஸுக்குக் காசு, சித்தியும் கூட வரவேண்டும். போன தடவை போகவில்லை. தீபாவளிக்கு முதலாளி கேட்ட சேலை தறியில் இருந்தது. நான் போனில் சத்தம் போட்டேன். "வலிச்சா போறேன்டா, இப்பத்தான் எனக்குத் தெரியுமே" என்றார். வலியே இல்லாமலும் நரம்பு போகும் என்று டாக்டரம்மா சொன்னதை அவருக்கு ஞாபகப்படுத்தினேன். கொஞ்ச நேரம் கழித்து, சேலையை அறுத்துக் கொடுத்ததும் வருகிற வாரம் போகலாம், நீ லீவு போடு என்றார்.